அணியத்து விளக்கும் முகப்பு விளக்கும்

மார்கழிப் பின்னிரவு, மணி நாலரை. பழவேற்காட்டில் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஏரியோரமாக வண்டியை நிறுத்தினோம். 1952ஆம் ஆண்டு எம்ஜி டிடி, பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். கூரை திறந்தது, இருக்கை இரண்டே இரண்டு. வண்டி நண்பருடையது. அதன் முன்னால் கூடுதலாகப் பூட்டியிருந்த இரண்டு விளக்குகள் என் கைவேலை. தலா 55 வாட் ஹாலஜன், தூரத்துக்குப் பாய்கிற கண்ணாடி. அவற்றை அணைக்காமலே இறங்கி ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தோம். தண்ணீர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"சார், லைட்ட அமத்துங்க சார்! கண்ணே தெரியல!"

அணைத்தோம். முதலில் எங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. டீ ஆறிக் குடிக்கிற பதத்துக்கு வந்த பிறகுதான் முப்பது நாற்பது அடி தள்ளி ஒரு படகு நிற்பது புலப்பட்டது. ஒருவர் பின்னால் மூங்கில் கழியை ஊன்றிப் பிடித்திருந்தார். இன்னொருவர் படகின் முன்முனையான அணியத்தில் குந்தியிருந்தார். அணியத்தில் ஒரு விளக்கும் இருந்தது, அது எரியவில்லை. எங்கள் வெளிச்சம் கண்ணில் அடித்ததால் வலைக்கம்பு எது, கரை எது என்று பிடிபடாமல் இருந்த இடத்திலேயே கழியை ஊன்றி நின்றுவிட்டார்கள். 110 வாட் வெளிச்சம் அவர்கள் மேலேயே விழுந்தும் நாங்கள் அவர்களைப் பார்க்கவில்லை. ஏரியின் பனி அதை அப்படியே எங்கள் முகத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தது.

கரையேறிய பெரியவர் கோபப்படவில்லை. "இருட்டு கண்ணுக்குப் பழக அரை மணி ஆவுது சார். ஒரு நொடி லைட்டு பட்டா அத்தனையும் போயிடுது. மறுபடி மொதல்ல இருந்து" என்றார். கண் மருத்துவம் சொல்வதும் இதுவே. முழு இருட்டுக்குக் கண் பழக இருபது முதல் முப்பது நிமிடம் பிடிக்கும். பளீரென்ற ஒளி பட்டால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். பழைய கார்களின் மின் வேலையில் பாதி வாழ்நாள் கழித்திருக்கிறேன். விளக்கை எப்படிப் பூட்டுவது என்று எனக்குத் தெரியும். எப்போது அணைப்பது என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

காரின் முகப்பு விளக்கையும் படகின் அணியத்து விளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எண்ணம் அன்றுதான் வந்தது. பொருத்தமில்லாத சோடி என்று தோன்றலாம். ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை. பழைய ஆங்கிலேயக் கார் எதைத் திறந்தாலும் டைனமோவிலும் விளக்கிலும் சுவிட்சிலும் பொறித்திருக்கும் லூகாஸ் என்ற பெயர் பர்மிங்காமின் ஜோசப் லூகாஸுடையது. அவர் 1875இல் செய்யத் தொடங்கிய விளக்கு கப்பலுக்கானது. சைக்கிள் விளக்கு அதற்குப் பிறகு வந்தது, மோட்டார் விளக்கு அதற்கும் பிறகு. அந்தப் பெயர் 1961இல் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து சென்னை பாடியில் தொழிற்சாலையாக ஊன்றியது. டிடியின் மின்சாரம் எங்கள் பக்கத்துக் கைகளுக்கு அந்நியமாக இல்லாததற்கும் காரணம் அந்தக் குடும்ப உறவே. பழைய அம்பாசடர் டைனமோவைப் பிரித்துக் கார்பன் மாற்றிய மெக்கானிக் யாராக இருந்தாலும் இதையும் பிரித்துப் பூட்டிவிடுவார்.

பந்தயக் கார்களும் பழவேற்காடு இருக்கும் இந்த மாவட்டத்துக்குப் புதியவை இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளமான சோழவரத்தில் 1950களிலிருந்து பந்தயம் நடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வரும்வரை நம் பக்கத்துப் பந்தயம் என்றால் சோழவரம்தான். அங்கே ஓடியது பட்டப்பகலில். கூடுதல் விளக்குக்கு வேலை இல்லை. இருக்கிற முகப்பு விளக்கின் கண்ணாடியும் உடைந்தால் சிதறாதிருக்கக் குறுக்கே ஒட்டுத்தாள் ஒட்டுவது பந்தய வழக்கம். கூடுதல் விளக்கு வேண்டியிருந்தது இரவில் காட்டுச் சாலைகளில் ஓடும் ரேலிக்காரர்களுக்கு. எதிரே யாரும் வராத சாலையில் வளைவை முன்கூட்டியே பார்க்க நாலு விளக்கு, ஆறு விளக்கு என்று மூக்கில் அடுக்குவார்கள். இன்று பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் விளக்கு பூட்ட ஆசைப்படுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் ஆசைப்பட்டோம். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகிற சாலை ரேலிச் சாலை இல்லை என்பதை அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

முதல் வேற்றுமை நோக்கத்தில் இருக்கிறது. காரின் விளக்கு நாம் பார்ப்பதற்கு. படகின் விளக்கு முதலாவதாகப் பிறர் நம்மைப் பார்ப்பதற்கு. கடலில் மோதல் தவிர்க்கும் 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளில் விளக்கு பற்றியவை முழுக்க இந்த எண்ணத்தின் மேல் நிற்கின்றன. இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை. இழுவலை இல்லாமல் வேறு வலையால் மீன்பிடிக்கும் கலம் மேலே சிவப்பும் அதன் கீழே வெள்ளையும் காட்ட வேண்டும். இழுவலைக் கலமென்றால் பச்சைக்குக் கீழே வெள்ளை. துடுப்பில் போகிற சிறு படகு ஒரு வெள்ளை விளக்கைக் கையில் தயாராக வைத்திருந்து, எதிரே கலம் வரும்போது வேளையோடு காட்டினால் போதும். அந்த விளக்குகளில் ஒன்றுகூடத் தண்ணீரில் என்ன கிடக்கிறது என்று காட்டுவதற்காக வைத்ததில்லை. இன்னார் இங்கே இருக்கிறோம், இன்ன வேலையில் இருக்கிறோம், இன்ன பக்கம் திரும்பியிருக்கிறோம் என்று பேசுகிற விளக்குகள் அவை. பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் பெயர் கொடுத்த கலங்கரை விளக்கமும் அதே இனந்தான். கடலுக்கு அது வெளிச்சம் போடுவதில்லை, தான் நிற்கும் இடத்தைச் சொல்கிறது.

ஏரிக்குள் நிலைமை இன்னும் நுட்பமானது. பழவேற்காடு ஏரி சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தெற்கு முனை மட்டும் நம்முடையது. ஆழமோ சராசரியாக ஒரு மீட்டரைச் சுற்றித்தான். அந்த ஆழத்தில் கழி ஊன்றிப் போகிறவருக்கு வேண்டியது தூரத்துக் காட்சியில்லை. அடுத்த வலைக்கம்பு எங்கே, மணல்திட்டு எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது அவருக்கு வேண்டும். இவையெல்லாம் தண்ணீரின் மேல்தோலில் விழுகிற மங்கல் வானத்தின் நிழலிலிருந்து அவருக்குத் தெரிகின்றன. விளக்கை ஏற்றினால் பத்தடி வட்டம் பளிச்சென்று தெரியும், அதற்கு அப்பால் உலகம் கறுத்துப் போகும். அதனால்தான் அன்று அந்தப் பெரியவர் விளக்கு இருந்தும் அணைத்தே வைத்திருந்தார்.

இதில் பிழைப்பும் இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஊர்களில் பாடு முறை என்று ஒன்று உண்டு. முகத்துவாரத்துப் பக்கம் இறால் நன்றாக விழும் இடங்களில் எந்தக் குழு எந்த நாள் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு, தலைக்கட்டு உரிமை உள்ளவர்களுக்குள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். ஒருவருடைய பாடு வருகிற இரவு அவருக்கு எல்லா இரவையும் போன்ற இரவில்லை. அது தவறினால் அடுத்த முறை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஓர் இரவில் கரையில் நிற்கும் ஒரு காரின் விளக்கு அவருடைய அரை மணிக் கண்ணைப் பறித்துக்கொள்கிறது. இதை அறிந்த நாளிலிருந்து ஏரியோரம் விளக்கோடு நிற்கிற எந்த வண்டியையும் என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை. கண்ணாடியைத் தட்டி அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன்.

இரண்டாவது ஒப்பீடு பனியில். எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இதுதான், அதனால் சற்று நின்று சொல்கிறேன்.

மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். விளக்கொளி ஒவ்வொரு துளியிலும் பட்டுச் சிதறும். அதில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பும். விளக்கும் கண்ணும் அருகருகே இருந்தால், திரும்பும் ஒளி நேரே கண்ணுக்குள் வரும். பனி வெள்ளைச் சுவராகத் தெரியும். விளக்கு கண்ணிலிருந்து எவ்வளவு விலகிக் கீழே இருக்கிறதோ அவ்வளவுக்குச் சுவர் மெலியும். ஃபாக் லைட்டைத் தரையோடு தரையாகப் பூட்டுவதன் காரணம் இவ்வளவுதான். அதன் கண்ணாடியும் அதற்கேற்ப வார்த்தது. ஒளி விசிறிபோல் அகலமாக விரிந்து, மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். கண்ணுயரப் பனிக்குள் ஒளி போகாது. கீழே சாலையின் இரு ஓரத்தையும் தடவிக்கொண்டு போகும். நீளப் பாய்ச்சல் விளக்கு இதற்கு நேர் எதிர். ஒளியை ஒடுக்கி ஈட்டியாக்கி எறியும். தெளிந்த இரவில் அற்புதமானது, பனியில் கண்ணைக் கட்டும். நாங்கள் பூட்டியிருந்தது இரண்டாவதை.

எம்ஜி டிடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜீப்பிலோ லாரியிலோ ஓட்டுநரின் கண் உயரத்தில் இருக்கும். விளக்குக்கும் கண்ணுக்கும் இயல்பாகவே இடைவெளி உண்டு. இந்த வண்டியில் ஓட்டுபவர் ஏறக்குறையத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். இதன் முகப்பு விளக்குகளோ ரேடியேட்டருக்கு இரு பக்கமும் தனித்தனிக் குமிழாக நிமிர்ந்து நிற்பவை. கண்ணுக்கும் விளக்குக்கும் உயர வேற்றுமை மிகக் குறைவு. அதனால் மற்ற வண்டிகளை விட இதில் ஃபாக் லைட் இன்னும் தாழ இருந்தாக வேண்டும். அழகுக்காக, முகப்பில் குறுக்கே ஓடும் பேட்ஜ் பாரின் மேல் நிமிர்த்திப் பூட்டுவது பெரிய பிழை. பாருக்குக் கீழே தொங்கவிட வேண்டும்.

இதே பாடத்தைப் படகில் ஒருவர் எந்தப் புத்தகமும் இல்லாமல் செய்வதை அதே மாதம் இன்னொரு விடியலில் பார்த்தேன். இப்போது ஏரியில் பலரும் நெற்றியில் கட்டும் எல்இடி டார்ச் வைத்திருக்கிறார்கள். வலையிலிருந்து நண்டை விடுவிக்க இரண்டு கையும் வேண்டும். அதற்கு அது வசதி. பனி இறங்கியதும் படகை ஓட்டியவர் நெற்றி விளக்கைக் கழற்றினார். வாரை மணிக்கட்டில் சுற்றினார். கையைப் படகின் விளிம்புக்கு வெளியே, முழங்காலுக்கும் கீழே தொங்கவிட்டு, தண்ணீரை ஒட்டிக் கிடைமட்டமாக ஒளியை ஓட்டினார். நெற்றியில் இருந்தபோது வெள்ளைச் சுவராக இருந்த இடத்தில் மூன்று வலைக்கம்புகள் தெரிந்தன. ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டேன். "நெத்தியில இருந்தா பனிதான் தெரியும், தண்ணி தெரியாது" என்றார். ஃபாக் லைட் பொறியியல் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. நெற்றியில் கட்டிய விளக்கு, கண்ணிலிருந்து நான்கு விரல் தள்ளியிருக்கும் முகப்பு விளக்கு. கையில் தொங்கிய விளக்கு, சரியாகப் பூட்டிய ஃபாக் லைட்.

மஞ்சள் நிறம் பற்றி ஒரு சொல். மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்று எல்லாப் பட்டறையிலும் சொல்வார்கள். ஆனால் பனித்துளி ஒளியின் அலைநீளத்தை விடப் பல மடங்கு பெரியது. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கும். மஞ்சளின் நன்மை வேறிடத்தில் இருக்கிறது. நீலம் கழிந்துபோவதால் கண் கூசுவது குறைகிறது. பிரான்சில் 1936 முதல் 1993 வரை கார்களுக்கு மஞ்சள் முகப்பு விளக்கே சட்டமாக இருந்தது, கூசுதலைக் குறைக்கவே. எதிரே சைக்கிளில் வருகிறவருக்காகவாவது நான் மஞ்சள் பக்கம்தான் நிற்பேன்.

அடுத்தது மின்சாரக் கணக்கு. கூடுதல் விளக்கு பூட்ட விரும்புகிற எவரும் ஒரு தாளில் முதலில் எழுத வேண்டியது இதை. டிடியின் டைனமோ நல்ல ஓட்டத்தில் கொடுப்பது 20 ஆம்பியரைத் தொடாது. இரண்டு முகப்பு பல்புகள் 42 வாட் வீதம் 84 வாட். 12 வோல்ட்டில் 7 ஆம்பியர். பின்விளக்கு, டேஷ்போர்டு விளக்கு எல்லாம் சேர்த்து 2. இக்னிஷன் காயிலுக்கு 3. ஆக 12 போய்விட்டது, மிச்சம் 7. நாங்கள் பூட்டிய இரண்டு 55 வாட் விளக்குகளும் 9 ஆம்பியருக்கு மேல் கேட்கின்றன. ஓட்டத்திலேயே 2 ஆம்பியர் கடன். பொன்னேரி கடைத்தெருவில் வண்டி ஊர்ந்தாலோ நின்றாலோ டைனமோ ஒன்றுமே தராது; 21 ஆம்பியரும் பேட்டரியிலிருந்துதான். டிடியின் டேஷ்போர்டில் ஆம்மீட்டர் இருக்கிறது. அன்று விளக்கைப் போட்டதும் அதன் முள் இடது பக்கம் சாய்ந்தது. நண்பர் அதை விரலால் தட்டிப் பார்த்தார். மீட்டர் பழுது என்று இருவரும் நினைத்துக்கொண்டோம். மீட்டர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

படகுக்காரரின் கணக்கு இன்னும் கறார். அவருடைய சின்ன எஞ்சின் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுப்பதில்லை. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை வீட்டில் சார்ஜ் போட்டுத் தூக்கிவருகிறார். 10 வாட் எல்இடி ஒரு ஆம்பியருக்கும் குறைவாக எடுக்கும். ஏட்டுக் கணக்கில் எட்டு மணி நேரம் எரியும். பேட்டரி நாள்பட உழைக்க வேண்டுமென்றால் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது. ஆக நாலு மணி நேரம். இரவு பத்து மணி நேரம். எஞ்சின் கயிறு இழுக்க, சிக்கிய வலையை அவிழ்க்க, எதிர்ப் படகுக்கு அடையாளம் காட்ட என்று தேவைக்குத் தேவை ஏற்றி அணைத்தால்தான் விடியும்வரை வரும். காடா விளக்கும் அரிக்கேனும் பெட்ரோமாக்ஸும் எரிந்த காலத்தில் மண்ணெண்ணெயை அளந்தார்கள். இப்போது ஆம்பியரை அளக்கிறார்கள். கார்க்காரருக்கு இந்த அளவெடுக்கும் பழக்கம் இல்லை. எஞ்சின் ஓடுகிறவரை மின்சாரம் வந்துகொண்டே இருக்கும் என்று நம்புகிறார். ஆல்டர்னேட்டர் உள்ள புதுக் காரில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரி. டைனமோ வண்டியில் அது நடுவழியில் நிறுத்திவிடும்.

எங்களுக்கு நடுவழி தச்சூர் கூட்டுரோடுக்குச் சற்று முன்னால் வந்தது. திரும்பும்போது டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ரப்பர் கருகும் வாசனை. விளக்கோடு கடையில் வாங்கிய ஒயர் வெளியே தடிமனாகத் தெரிந்தது. உறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு நூல்போல் இருந்தது. கடையைக் குறை சொல்லிப் பயனில்லை. 9 ஆம்பியரை நேரே டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக ஓட்டியது என் தவறு. ரிலே வைத்திருக்க வேண்டும். சுவிட்ச் வழியாக ரிலேயின் சுருளுக்குப் போவது கால் ஆம்பியர்கூட இல்லை. கனமான ஒயர் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் முனைக்கு, அங்கிருந்து 87 வழியாக விளக்குக்கு. 85, 86 இரண்டும் சுருளின் முனைகள். டிடி காலத்து ஆங்கிலேயக் கார்களில் முகப்பு விளக்குச் சுற்றுக்கு ஃபியூஸே கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தச் சுற்றிலிருந்தே கூடுதல் விளக்குக்கும் கிளை எடுப்பவர்கள் எழுபது வயது துணி உறை ஒயரை நம்பித் தீயோடு பயணம் செய்கிறார்கள். பேட்டரிப் பக்கத்திலேயே ஃபியூஸ். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மெல்லிய ஒயர் வெளிச்சத்தையும் திருடும். பல்பின் ஒளி வோல்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வேகமாக விழும். 12 வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு வழியில் கழிந்து 10.8 மட்டும் பல்பை எட்டினால், ஒளி ஏறக்குறைய 30 விழுக்காடு போய்விடுகிறது. பழைய காரின் விளக்கு மங்கல் என்று புது விளக்கு வாங்க ஓடும் முன், இருக்கிற முகப்பு விளக்குக்கு நல்ல ஒயரும் ரிலேயும் எர்த்தும் போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குப் புது விளக்கே தேவைப்படாது.

எர்த் என்ற இடத்தில் படகு காரை விட முன்னால் நிற்கிறது. காரில் ஒரு ஒயர்தான் போகும். திரும்பும் வழி வண்டியின் உடம்பு. டிடியில் அந்த உடம்பு பாசிட்டிவ் முனையோடு கட்டியது. இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். ஹாலஜன் பல்புக்கு இதனால் கவலையில்லை. எல்இடிக்கு முனை மாறக்கூடாது. சில எல்இடி விளக்குகளின் உலோகக் கூடு நெகட்டிவோடு இணைந்திருக்கும். அதை இந்த வண்டியின் பாரில் நேரே பூட்டினால் ஷார்ட் ஆகும். ஃபைபர் படகிலோ உடம்பு மின்சாரத்தைக் கடத்தாது. போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர் என்று இரண்டாகத்தான் இழுத்தாக வேண்டும். அதுவே உப்புக்காற்றில் அவர்களைக் காப்பாற்றுகிறது. துருப்பிடித்த போல்ட் ஒன்றை நம்பி விளக்கு எரிவதில்லை. இணைப்பின் மேல் கிரீஸ் தடவி, பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றுகிறார்கள். ஒரு முடிச்சை அவிழ்த்துக் காட்டச் சொன்னேன். உள்ளே செம்பு புதிதாக மின்னியது. எங்கள் டிடியின் குரோம் பூசிய விளக்குக் கிண்ணத்தின் அடியில் இரண்டே மாதத்தில் பச்சை படிந்திருந்தது. அதன் பிறகு டிடியிலும் விளக்கிலிருந்து பேட்டரிக்குத் தனித் திரும்பு ஒயர் இழுத்தேன். இணைப்பில் வாசலின், மேலே டியூப் நாடா. படகுக்காரர்களிடம் கற்றது என்று வெளிப்படையாகச் சொல்கிறேன்.

சட்டம் இரண்டுக்கும் உண்டு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, முன்விளக்கின் ஒளி நிரந்தரமாகவோ ஓட்டுநர் தாழ்த்தும்போதோ கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்கக்கூடாது. நின்றுகொண்டிருப்பவரின் கண் அது. ஏரியில் படகில் குந்தியிருப்பவரின் கண் சாலை மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. அந்த விதி அவரை நினைத்து எழுதியதில்லை. விதிப்படி சரியாகத் தாழ்த்திய விளக்கும், வண்டி ஏரியை நோக்கி நின்றால், அவர் முகத்தில்தான் விழும். 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பாரம்பரிய வண்டிகளாகத் தனியே பதியும் விதிகள் 2021இல் வந்தன. வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. பம்பரிலும் மட்கார்டிலும் துளை போட்டு விளக்கு பூட்டுபவர்களை நான் தடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கழற்றினால் தடம் தெரியாதபடி பூட்ட முடியும். கடல் பக்கத்தில், எல்இடி விளக்குகளைக் கூட்டமாக எரித்து மீனை ஈர்த்துப் பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரில் தடைசெய்தது. குஞ்சும் குளுவானுமாக எல்லா மீனையும் ஒளிக்கு வரவழைத்து வாரிப் போவதால் சிறு மீனவர்களுக்கு மிச்சம் இராது. அளவுக்கு மீறிய வெளிச்சம் அடுத்தவர் பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதைக் கடலோர ஊர்கள் அந்த ஆணைக்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டன.

இவ்வளவும் வைத்துப் பார்த்து நாங்கள் எடுத்த முடிவு இது. நீளப் பாய்ச்சல் விளக்குகள் இரண்டையும் கழற்றிவிட்டோம். எதிரே எவரும் வராத மலைச்சாலை ரேலிக்கு அவை உரியவை. மாடு படுத்திருக்கும், மீன்கூடையோடு சைக்கிள் வரும், இறால் குட்டைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் சாலைக்கு அல்ல. அவற்றின் இடத்தில் ஒரே ஒரு ஃபாக் லைட். 48 வாட், 4 ஆம்பியர்; மிச்சமிருக்கும் 7க்குள் அடங்குகிறது. நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுபவர்கள் என்பதால் இடப்பக்கம், பேட்ஜ் பாருக்குக் கீழே தொங்கலாக. சாலையோரம் தெரிகிறது. ஓரம் தெரிந்தால் பனியில் ஓட்ட அது போதும். போகி அதிகாலையில் ஊரே டயர் கொளுத்திய புகையும் பனியும் சேர்ந்து எதிரே கை நீட்டினால் தெரியாதிருந்தபோது, முகப்பு விளக்கை முழுக்க அணைத்துவிட்டு, இந்த ஒற்றை விளக்கிலும் சைடு லைட்டிலும் பொன்னேரியைத் தாண்டினோம். வேகம் இருபதுதான்.

அந்த விளக்கின் கோணத்தைச் சரிபார்த்தது பழவேற்காட்டில். மீன் ஏலக்கூடத்து வெள்ளைச் சுவருக்கு முன்னால் 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தினோம். இருவரும் இருக்கையில் உட்கார்ந்து, டயரில் சரியான காற்றோடு, ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் நடு உயரத்துக்கு 4 அங்குலம் கீழே விழும்படி திருகினோம். அன்று எங்களை அணைக்கச் சொன்ன பெரியவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்காமலே வண்டிக்கு எதிரே நடந்துபோய், படகில் குந்துவதுபோல் தரையில் குந்தினார். சற்று நேரம் விளக்கையே பார்த்தார். "இன்னும் ஒரு சுத்து எறக்குங்க" என்றார். இறக்கினேன். "இப்ப சரி."

மார்கழியிலும் தையிலும் பூநாரை பார்க்க விடியலுக்கு முன்பே பழவேற்காடு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வண்டி பழையதோ புதியதோ, ஏரியோரம் நிற்கும்போது எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள். தண்ணீரை நோக்கி வண்டியை நிறுத்தாதீர்கள். அரை மணி நேரம் இருட்டில் நில்லுங்கள். எதிரே விளக்கில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும் படகுகள் உங்கள் கண்ணுக்கும் தெரியவரும்.